முட்டை வேண்டாதவர்கள்

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஒரு சிறிய ஹோட்டலின் வரவேற்பு மேசையில் மங்களம் பல வருடங்களாக வேலை செய்கிறாள். மின்தூக்கியில் ஒட்டும் அறிவிப்புகூட அவள் திருத்திய பிறகுதான் சுவருக்குப் போகும். தமிழ் விஷயத்தில் இன்னும் கறார். தேக்கா பக்கம் ஓர் அறிவிப்புப் பலகையில் தமிழ் எழுத்துகள் உடைந்து கலைந்து தொங்கியபோது, படம் எடுத்துச் சம்பந்தப்பட்டவர்களுக்கு அனுப்பி, பலகை இறங்கிய பிறகுதான் ஓய்ந்தாள். "நம்ம மொழின்னா கேலியா?" என்று தோ பாயோ வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் கேட்டாள்.

போன புரட்டாசியில் அண்ணன் மகள் அனுப்ரியாவோடு வியட்நாம் போனாள். மலையூர் ஒன்றில் சிறிய விடுதி. நடத்தியவள் மங்களத்தின் வயதுக்காரி. பெயரைச் சொன்னாள். மங்களத்தின் மனதில் நிற்கவில்லை.

இரண்டாம் நாள் காலை, சாப்பாட்டு மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள். தடித்த பேனாவில் ஆங்கிலம். முட்டை வேண்டாத விருந்தினர்கள் முந்தின இரவே வருத்தப்பட வேண்டும் என்று அதற்குப் பொருள் வந்தது.

"அத்தை, நேத்து நைட்டே அழுதிருக்கணும் லா" என்றாள் அனுப்ரியா.

மங்களத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு கைப்பேசியை எடுத்தாள். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த விடுதிக்காரி, தாள் அவர்களுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும். ஈரக் கையை உடுப்பில் துடைத்தபடி வந்து தாளுக்குப் பக்கத்தில் நின்றாள். முடியை ஒதுக்கிக்கொண்டு பல் தெரியச் சிரித்தாள். படம் எடுத்ததும், எனக்கும் அனுப்பு என்று சைகை காட்டினாள். மங்களம் தலையாட்டினாள். ஆனால் குடும்பக் குழுவுக்குத்தான் அனுப்பினாள்.

ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து, கூட வேலை செய்யும் அதீஃப் கைப்பேசியை நீட்டினான்.

"அக்கா, இதப் பாருங்க. சிரிச்சு வயிறு வலிக்குது."

அவள் எடுத்த படம். கீழே யார் யாரோ எழுதியிருந்தார்கள். தாளில் தொடங்கி அந்தப் பெண்ணின் பல்லுக்கு வந்திருந்தார்கள்.

"யாரு அனுப்பினா?"

"எல்லா குரூப்லயும் ஓடுது. ஏன், தெரிஞ்சவங்களா?"

"இல்ல" என்றாள்.

மத்தியானம் பயணப் படங்களைத் திறந்தாள். முதல் நாள் காலைப் படத்தில் அதே மேசை, அதே சுவர். சுவரில் ஒன்றுமில்லை. அன்று நூடுல்ஸ் மேல் முட்டை வந்தது. புரட்டாசி விரதம். இருவரும் தட்டைத் தள்ளிவைத்தார்கள். விடுதிக்காரி ஏதோ கேட்டாள். மங்களம் கையை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றாள். தட்டுகளை ஏந்திக்கொண்டு விடுதிக்காரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். விடுதியில் வேறு விருந்தினர் யாரும் இல்லை.

குழுவிலிருந்து படத்தை அழித்துவிட்டு அனுப்ரியாவை அழைத்தாள்.

"நீ யாருக்கும்மா அனுப்பினே? எடுக்கச் சொல்லு."

"அது எங்கெங்கயோ போயிடுச்சு அத்தை. சும்மா ஜோக்தானே, விடுங்க லா."

"தேக்கா போர்டுக்கு மட்டும் சண்டைக்குப் போனேனே?"

"அது வேற, அத்தை."

"என்ன வேற?"

அனுப்ரியா வேலை இருக்கிறதென்று அழைப்பை முடித்தாள்.

அறை பதிவுசெய்த எண் கைப்பேசியில் இருந்தது. சொல்ல வேண்டியதை நல்ல ஆங்கிலத்தில் மனதுக்குள் அமைத்துக்கொண்டு மங்களம் அழைத்தாள். சிங்கப்பூர் என்றதுமே அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது.

"சிங்கப்பூர்! நோ எக்!"

மங்களம் அமைத்துவைத்திருந்ததைச் சொன்னாள். அதில் சாரி மட்டும் போய்ச் சேர்ந்தது.

"நோ சாரி, நோ சாரி! நோ எக், ஓகே!" விடுதிக்காரி சிரித்தாள். பிறகு சொல் தேடி மெல்லக் கேட்டாள். "ஃபோட்டோ?"

மங்களம் அனுப்பினாள். உடனே ஓர் இதயம் வந்தது.

மறுநாள் வேலைக்கு நடுவே அந்த எண்ணைத் திறந்தாள். முகப்புப் படம் மாறியிருந்தது. சின்ன வட்டத்துக்குள் விடுதிக்காரியும் தாளும். மங்களம் அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.