ரப்பர் இல்லாமல் எழுதிய தேர்வு

நாட்குறிப்பில் பிழை வந்தால் ரப்பரால் அழித்துத் திருத்துவது என் பழக்கம். பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும். நில அளவைத் தேர்வுக்குத் தயாரானபோதும் அப்படித்தான்.

செய்முறைத் தேர்வுக்கு முந்தைய ஞாயிறு, காரிமங்கலம் சந்தை மைதானத்தில் பயிற்சி செய்தேன். மனைவி அளவுக்கம்பைப் பிடித்து நிற்க, நான் கருவியில் பார்த்து உயரங்களை எழுதினேன். அளக்கத் தொடங்கிய கல்லுக்கே திரும்பி வந்தால் உயர வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஆனால் கணக்கில் ஒரு மீட்டர் இடித்தது. நடுவில் சந்தேகப்பட்டு ஓர் அளவை மாற்றியிருந்தேன். முதலில் எழுதியது நினைவில்லை.

“அழிச்சுட்டீங்க, இப்ப யாரைப் போய்க் கேப்பீங்க? மறுபடியும் நான் வெயில்ல நடக்கோணுமா?” என்றவள், ரப்பரைப் பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

தேர்வன்றும் அது அவள் பையிலேயே இருந்தது. அங்கும் ஓர் அளவில் சந்தேகம் வந்தது. வேறு வழியின்றி அதன்மேல் ஒரு கோடு இழுத்துப் பக்கத்தில் புதியதை எழுதினேன். முடிவில் அதே ஒரு மீட்டர்! மறுபடி அளக்க நேரமில்லை. கோட்டுக்கு அடியில் பழைய எண் தெளிவாகத் தெரிந்தது. அதைப் போட்டதும் கணக்கு சரியாகிவிட்டது.

இப்போது நாட்குறிப்பிலும் நான் எதையும் அழிப்பதில்லை. தேர்ச்சி பெற்ற நாளை அவசரத்தில் புதன் என்று எழுதி, ஒரு கோடு இழுத்து, மேலே வியாழன் என்று எழுதியிருக்கிறேன்.