முதலில் கையைக் காட்டுங்கோ

இன்று திருகோணமலையில் ஒரு புடவைக்கடை வாசலில் என் பையைச் சோதிக்க வந்த பிள்ளையிடம், "முதல்ல உங்கட கையை விரிச்சுக் காட்டுங்கோ" என்றேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். பழக்கதோஷம்.

எழுபதுகளின் கடைசியில் நான் இங்கே ஆஸ்பத்திரியில் வேலை. அப்போது பொலிஸ் நிலையத்தில் பெண் பொலிஸ் இல்லை. பெண்களைச் சோதிக்க ஆஸ்பத்திரிப் பெண்கள் எங்களில் ஒருத்தியைக் கூப்பிடுவார்கள்.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்கள். பிடிபட்டவள் மூதூர்க்காரி. சமைக்கப் போன வீட்டில் தங்கச் சங்கிலியைக் காணவில்லையாம்.

அறைக் கதவைச் சாத்திவிட்டுக் கிட்டப் போனேன். அவள் சேலையைத் தொட விடவில்லை.

"புள்ள, மொதல்ல ஒங்கட கையக் காட்டுங்க. நீங்களே வெச்சிட்டு எடுத்தா நான் என்ன செய்ற?"

எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன்.

அதற்குள் வீட்டுக்கார அம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தார். "நானும் நிண்டு பாக்கப்போறன்."

"அப்ப அவவும் காட்டட்டும்" என்றாள் மூதூர்க்காரி.

"நான் முறைப்பாடு குடுத்தனான். நான் ஏன் காட்டவேணும்?" என்றவரின் வலது கை பொத்தியபடியே இருந்தது. விறுக்கென்று திரும்பிப் போய்விட்டார்.

சோதித்தேன். ஒன்றுமில்லை.

சங்கிலி அலுமாரிக்குள்ளேயே கிடந்ததாம் என்று பின்னேரம் அந்த வீட்டிலிருந்து தகவல் வந்தது. மூதூர்க்காரியை விட்டுவிட்டார்கள். அம்மாவை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

பொத்திய கைக்குள் முகம் துடைக்கிற வெறும் லேஞ்சியும் இருந்திருக்கலாம். நான் நம்பவில்லை. நீங்கள்?