பால் கட்டிய நாட்கள்

ஆறு வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி உண்டான பிள்ளைக்கு, ஒன்பதாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே அசைவு நின்றுபோனது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் பெற்றெடுத்தேன். பெண். முகத்தைக் காட்டினார்கள், மூக்கு அப்படியே என் கணவருடையது. அவர் துணியில் சுற்றி வாங்கிக்கொண்டு எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குப் போய், எங்கள் கொல்லையோரம் புதைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் சாமி கும்பிடக் கையெடுத்தேன். உள்ளே ஒன்றுமே இல்லை. கோபம்கூட இல்லை. கையைக் கீழே போட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டது. மார் கல்லாகி, ஜாக்கெட் நனைந்து, தொட்டால் உயிர் போனது. குடிக்கப் பிள்ளையில்லாதவளுக்குப் பால் எதற்கு என்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

அன்று மத்தியானம் நர்ஸம்மா வந்து கட்டிலில் உட்கார்ந்தார். கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்குக் குறைமாதப் பிரசவமாம். வலிப்பு வந்து நினைவில்லாமல் கிடக்கிறாளாம்.

"புள்ளைக்குப் பால் இல்லம்மா. உன் ரத்த டெஸ்டு எல்லாம் சரியா இருக்குது. பீச்சிக் குடுக்கிறியா? இஷ்டம் இல்லன்னா வேணாம்."

எழுந்து உட்கார்ந்து, "டம்ளர் குடுங்க" என்றேன்.

அந்தப் பிள்ளைக்குப் பாலாடையில் புகட்டினார்கள். வந்து பார் என்று கூப்பிட்டார்கள், போகவில்லை. மூன்று நாள் கொடுத்தேன். கடைசி நாள் அந்தப் பிள்ளையின் அப்பா என்னைத் தேடி வந்தார்.

"சாமிகிட்ட அழுதுகினே இருந்தேங்கா. அதுதான் உங்களக் காட்டிச்சி."

"அதுக்கு எம்புள்ளைய எடுக்கணுமா?"

வாய் தவறி வந்துவிட்டது. அவர் கட்டில் காலருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து அழுதார். பிரசவம் ஆனதிலிருந்து அழாத நானும் அப்போதுதான் அழுதேன்.

மறுநாள் அவர் மனைவிக்கு நினைவு திரும்பியது. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். பால் வற்றப் பத்து நாளானது.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. எங்களுக்கு இன்னும் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை நடப்பதை ஒருமுறை வீடியோ காலில் காட்டினார்கள்; பாதியிலேயே கட் பண்ணிவிட்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் மாரியம்மன் முன்னால் போய் நிற்கிறேன். முன்போல நெஞ்சு உருகவில்லை. அது வேண்டும், இது வேண்டும் என்று கேட்க வாயும் வருவதில்லை. "நீதான் பாத்துக்கணும்" என்று மட்டும் சொல்கிறேன். அவள் காதில் விழுகிறதா, தெரியாது. அதைச் சொல்ல எனக்கு வேறு யாரும் இல்லை.