ஈரக் கட்டோடு அம்பர்நாத் வரை

பிசியோதெரபி படித்து முடித்ததும் பரேலில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் எனக்கு வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. மாட்டுங்காவிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான். செவ்வாய்க்கிழமைகளில், பிறவியிலேயே பாதம் உள்ளே திரும்பியிருக்கும் குழந்தைகளுக்கு மாவுக்கட்டு போடுவோம். டாக்டர் பாதத்தைச் சிறிது நேராக்கிப் பிடித்துக்கொள்ள, நான் கட்டைச் சுற்றுவேன். வாராவாரம் அதைப் பிரித்து, இன்னும் சிறிது நேராக்கிப் புதிதாகப் போட வேண்டும். கட்டு முழுதாகக் காய ஒரு நாள் ஆகும். அதுவரை அழுத்தினால் குழி விழும். பாதம் பழையபடி திரும்பத் தொடங்கும்.

பக்கத்துத் தாராவிக் குழந்தைகளின் கட்டுகள் ஒழுங்காகத் திரும்பி வந்தன. தொலைவில் அம்பர்நாத்திலிருந்து மின்சார ரயிலில் வந்த எட்டு மாதப் பெண் குழந்தையின் கட்டு மட்டும் இரண்டு வாரம் தொடர்ந்து குதிகாலில் நசுங்கி வந்தது. அப்பாவுக்குத் தொழிற்சாலையில் விடுப்பு கிடையாது. அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண்; என் வயதுதான் இருக்கும். தனியாகவே தூக்கி வருவாள். இன்னொரு முறை நசுங்கினால் கட்டை நிறுத்திவிட்டு, குழந்தை வளர்ந்தபின் அறுவைசிகிச்சைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை அவளிடம் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். அவள் அழவில்லை. எதனால் நசுங்குகிறது என்று மட்டும் கேட்டாள்.

எனக்குப் பட்டியல் போடாமல் யோசிக்க வராது. கூட்டம், பயண நேரம், வண்டி மாறுவது என்று மூன்று காரணங்கள் எழுதினேன். நேரத்தைக் குறைத்தால் எல்லாம் குறையும் என்று முடிவு செய்து, தாதரில் விரைவு வண்டிகள் வரும் நேரங்களைக் குறித்துக் கொடுத்தேன்.

மறுவாரம் கட்டில் ஒரு கீறல்கூட இல்லை. பெருமையோடு எந்த வண்டி கிடைத்தது என்று கேட்டேன்.

"நீங்க எழுதுன வண்டில ஏறல சிஸ்டர். தாதர்ல கால் வைக்கவே எடம் இல்ல. நான் வண்டி கெளம்புத வி.டி. ஸ்டேஷனுக்கே போயி, அங்கன காலியா நிக்க வண்டில ஏறி உக்காந்துட்டேன்."

"வி.டி. எதிர்ப்பக்கமாச்சே."

"ஆமா. வீடு போய்ச் சேர நேரமாவும். அதுக்கென்ன, கால் அமுங்காதுல்லா."

நான் நிமிடங்களை மட்டுமே எண்ணியிருந்தேன். கைக்குழந்தையோடு நின்றுகொண்டு போவது என் பட்டியலிலேயே இல்லை.

அன்று மாலை நானும் அவளோடு வி.டி. போனேன். பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கட்டுப் போட்ட காலைச் சுவர்ப் பக்கம் வைத்து, முழங்கையை வேலிபோல நீட்டிக்கொண்டாள். பக்கத்தில் வந்தவர்களிடமெல்லாம், கட்டு இன்னும் பச்சையாக இருக்கிறது என்று, "ப்ளாஸ்டர் கச்சா ஹை" என்றாள். காலிக் கூடையோடு ஏறிய மீன்காரி ஒருத்தி, இது எப்போது வேகும் என்று இந்தியில் கேட்க, பெட்டியே சிரித்தது. ஆனால் அந்த மீன்காரிதான் கூடையைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கு முன்னால் மறைத்து நின்றாள். தாதரில் ஏறிய கூட்டம் அந்த முதுகில்தான் மோதியது. நான் மாட்டுங்காவில் இறங்கப் பட்ட பாடு தனி.

அதன்பிறகு தூரத்துக் குழந்தைகளுக்கு முதலில் கட்டுப் போடும்படி வரிசையை மாற்றினேன். கிளம்புமுன் வராந்தா வெயிலில் கொஞ்சமாவது காயட்டும் என்று. வி.டி. வழியையும் மற்றத் தாய்மார்களுக்குச் சொன்னேன், யார் கண்டுபிடித்தது என்பதையும் சேர்த்து.

மழைக்காலம் முடியும்போது டாக்டர் அந்தக் குழந்தையின் கடைசிக் கட்டைப் பிரித்தார். பாதத்தை விரலால் உள்ளே தள்ளிப் பார்த்தார். விட்டதும் அது நேராக வந்து நின்றது. அறுவைசிகிச்சை வேண்டாம், தூங்கும்போது மட்டும் பூட்ஸ் மாட்டினால் போதும் என்றார். அதைத் தமிழில் சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

வி.டி.க்குத்தானே போகிறீர்கள் என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர், இன்னைக்கு நேரா வீட்டுக்குப் போறேன்" என்றாள். "நின்னுட்டே போனாலும் பரவால்ல."