ஈர மணலுக்கு ஏற்ற மெஷின்

இன்று காலை மாமல்லபுரம் கடலில் முழுக்குப் போட்டபோது, கல்யாணத்தன்று அவர் என் காலில் போட்டுவிட்ட மெட்டி ஒன்று அலையோடு கழன்று போனது.

செய்தி கேட்ட கொழுந்தன் பாபு, உலோகம் தேடும் மெஷின் இரண்டை நண்பர்களிடம் இரவல் வாங்கிக்கொண்டு அணுபுரத்திலிருந்து வந்து இறங்கினான்.

முதல் மெஷின் ஈர மணலில் வைத்த இடமெல்லாம் கத்தியது.

"இது ஏரி மண்ணுக்குத்தான் அண்ணி. உப்புத் தண்ணி பட்டா பேஜாரு."

இரண்டாவது கடற்கரைக்கென்றே செய்ததாம். அது கத்திய இடத்தில் தோண்டினால் ஒரு ரூபாய். அமாவாசைக்கு யாரோ கடலுக்குப் போட்ட காசு.

"சாமி காசுப்பா, திருப்பிப் போட்டுடு" என்றேன்.

போட்டான். அலை அதைக் கரைக்கே கொண்டுவந்தது. மெஷின் மறுபடி கத்தியது.

"இன்னா அண்ணி, தோண்டின காசையே தோண்டிகினு கீறேன்."

"புண்ணியம்தானே, போடு."

ஏழாவது தடவை கையில் வந்ததைப் பார்க்காமலே கடலுக்குள் வீசினான். வெயிலில் அது மேலே போனபோதுதான் நடுவில் ஓட்டை தெரிந்தது.

"தம்பி, அது காசா?"

"நீதான அண்ணி எல்லாத்தையும் போடச் சொன்ன."

அதன்பிறகு மெஷின் வாயே திறக்கவில்லை.

வேண்டிக்கொள்ளாமலே கடலுக்கு வெள்ளி செலுத்தியிருக்கிறேன். இதற்கு என்ன வரம் கேட்கலாம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.