பீப்பாயின் பத்தியம்

காலையில் எழுபத்தாறு குளம்புகளைத் தொட்டுப் பார்க்காமல் கம்பவுண்டரம்மாவுக்கு டீ தொண்டையில் இறங்காது. லாயத்தில் பத்தொன்பது குதிரைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் குந்தி, புறங்கையைக் குளம்பில் வைப்பாள். சில்லென்று இருந்தால் அடுத்தது. சூடாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து, குளம்புக்கு மேலே கணுக்காலின் பின்பக்கம் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பாள். நல்ல காலில் நாடியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கெட்ட காலில் அது தானாக வந்து விரலை இடிக்கும். "கை வச்சுப் பாக்கறதுக்கு எதுக்கும்மா ஒரு சம்பளம்?" என்று லாயக்காரர் ஒருமுறை கேட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அதன்பிறகு அவர் கேட்டதில்லை.

சம்பளச் சீட்டில் அவள் 'கால்நடை உதவியாளர்'. கம்பவுண்டரம்மா என்பது லாயம் வைத்த பெயர். அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஆஸ்பத்திரியில் கட்டுப் போடும் அறையில் இருந்தாள். சர்க்கரை வியாதிக்காரர்களின் கால் புண்ணைக் கழுவிக் கழுவி அவளுக்கு மனிதர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது. "சத்தியமா ஒண்ணுமே சாப்பிடலம்மா" என்று சொல்கிற வாயின் ஓரத்தில் கேக் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு மாதம் கழித்து அதே ஆள் ஒரு விரல் குறைவாக வருவார். கேட்டால் விதி என்பார். விதியாம், விதி!

வீட்டுக்காரருக்கு இந்தக் குதிரையேற்றப் பள்ளியில் கேட் காவல் வேலை கிடைத்து, கூடவே பின்பக்கம் ஓர் அறையும் கிடைத்தபோது அவளும் முதலாளியிடம் போய் வேலை கேட்டாள். மனிதர்களுக்குக் கட்டுப் போட்டவளுக்குக் குதிரை எப்படி என்று அவர் இழுத்தார். "குதிரை பொய் சொல்லாதுங்க. எனக்கு அது ஒண்ணே போதும்" என்றாள்.

பத்தொன்பதில் அவளுடைய செல்லம் பீப்பாய். இருபத்திரண்டு வயது மட்டக்குதிரை. பெயருக்கேற்ற வயிறு. அந்தப் பக்கத்துக் குழந்தைகளில் பாதிப் பேர் முதல்முதலாக ஏறி உட்கார்ந்தது அதன் முதுகில்தான், முதல்முதலாக விழுந்ததும் அதிலிருந்துதான். விழுந்த குழந்தையை மிதிக்காமல் அப்படியே கல்லாய் நிற்கும். அந்தக் குதிரைதான் ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒருநாள் விடியற்காலையில் முன்கால்கள் இரண்டையும் நீட்டி, குதிகாலில் பாரத்தைப் போட்டுப் பின்னால் சாய்ந்து நின்றது. புறங்கையை வைத்தவள் வெடுக்கென்று எடுத்தாள். அடுப்பில் வைத்த இரும்பு மாதிரி கொதித்தது.

டாக்டர் வந்து எக்ஸ்ரே எடுத்தார். இளம் வயது, நிதானமான ஆள். படத்தைக் காட்டி விளக்கினார். சில குதிரைகளுக்கு இனிப்பும் மாவும் உடம்பில் தங்கினால் குளம்புக்குள் வீக்கம் வரும். குளம்பின் ஓட்டுக்கும் உள்ளே இருக்கிற எலும்புக்கும் நடுவில் இருக்கிற பிடிப்பு விட்டுப்போகும். எலும்பு கீழ்நோக்கிச் சாயும். பீப்பாய்க்குக் கொஞ்சம் சாய்ந்திருந்தது.

"இன்னொரு தடவ வந்தா தாங்காதும்மா. வலியோட நிக்க வச்சுப் பாக்கறது பாவம். ஊசி போட்டுத் தூங்க வச்சுடலாம்."

"அந்தப் பேச்சே வேணாம் சார். பத்தியத்த நான் பாத்துக்கறேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டாள், சும்மா சொல்லக்கூடாது. உலர்ந்த புல்லைத் தராசில் நிறுத்து, தொட்டியில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, இனிப்பெல்லாம் இறங்கி டீ நிறத்தில் நிற்கிற தண்ணீரை வடித்துவிட்டுத்தான் போட்டாள். தீவன அறைச் சாவி அவள் இடுப்புக்கு வந்தது. பச்சைப் புல் பக்கமே பீப்பாயை விடவில்லை. சர்க்கரைக் கட்டி கொண்டுவந்த அம்மாக்களிடம் எரிந்து விழுந்தாள். வாரத்துக்கு ஒருமுறை நாடாவை எடுத்து அதன் நெஞ்சைச் சுற்றி அளந்தாள். நாடா அசைந்தால்தானே! முதல் வாரம் எவ்வளவோ, நாலாவது வாரமும் அவ்வளவே.

"யாரோ திருட்டுத்தனமா போடறீங்க. கையில சிக்கினா தோல உரிச்சிடுவேன்" என்று லாயத்தின் நடுவில் நின்று கத்தினாள். லாயக்காரர் திருதிருவென்று விழித்தார். கேட்டில் இருந்த வீட்டுக்காரர்கூட, "அட, இதென்னய்யா அநியாயம், பாவம் வாயில்லா ஜீவன்!" என்று சேர்ந்து கத்தினார்.

வீட்டுக்காரருக்கும் பத்தியம்தான். போன வருடம் சர்க்கரை கண்டுபிடித்ததிலிருந்து விடியற்காலையில் எழுந்து அவருக்கு மத்தியானப் பெட்டி கட்டுகிறாள்: ஐந்து கேரட், இரண்டு ஆப்பிள், இரண்டு துண்டு கோதுமை ரொட்டி. வெறும் கேரட்டைப் பார்த்தால் மனிதர் முகம் சுளிக்கிறாரே என்று, ஓரம் அலை அலையாக வெட்டுகிற கத்தி ஒன்றைத் தேடி வாங்கினாள். அப்படியும் சர்க்கரை இறங்கவில்லை. பரிசோதனைக் கூடத்து மிஷின்தான் கோளாறு என்று அங்கே போய் ஒரு பாட்டம் சண்டையும் போட்டுவிட்டு வந்தாள். அவள் மனிதர்களில் நம்பிய ஒரே ஆள் அவர். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம், உடம்பெல்லாம் கூச்சம். கல்யாணமான புதிதில் அவரை எழுப்ப உள்ளங்காலில் ஒரு விரல் வைத்தால் போதும், கட்டிலைவிட்டு எகிறி விழுந்து சிரிப்பார்.

ஐந்தாவது வாரம், காலையில் பீப்பாய் மறுபடி பின்னால் சாய்ந்து நின்றது. தொட்டாள். கொதித்தது. நாடி விரலை இடித்தது. டாக்டருக்குப் போன் போட்டாள். மத்தியானம் ஒரு மணிக்கு வருகிறேன், அதுவரை ஐஸ் தண்ணீரில் அதன் காலை வையுங்கள் என்றார். மருந்துப் பெட்டியோடு வருகிறேன் என்றும் சொன்னார். எந்த மருந்து என்று அவள் கேட்கவில்லை.

ஐஸ் வாளிக்காக மரத்தூளை ஒதுக்கியபோதுதான் அது கிடைத்தது. விரல் நீளக் கேரட் துண்டு. ஓரம் அலை அலையாக.

அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பீப்பாய்க்குப் பக்கத்துக் கொட்டடியில் போய் ஒளிந்து நின்றாள். ஒரு மணிக்கு வீட்டுக்காரர் பெட்டியோடு வந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மூடியைத் திறந்தார். "வாடா ராசா. காலெல்லாம் வலிக்குதா? இந்தா, கேரட்டு. உனக்காவது புடிக்குதே."

"போதும், கீழ வைங்க" என்றாள் அவள்.

கையும் களவுமாக நின்றவருக்குப் பெட்டியை ஒளிக்கக்கூடத் தோன்றவில்லை. "ஏம்மா, இது இனிப்பு இல்லயே! நீ கட்டின பத்தியச் சாப்பாடுதானே? எனக்கும் பத்தியம், அதுக்கும் பத்தியம். உடம்புக்கு நல்லதுன்னு நீதானே சொன்னே?"

"உங்களுக்கு நல்லதுய்யா! அதுக்கு விஷம்! எத்தன நாளா?"

"பெட்டி கட்ட ஆரம்பிச்சதுலேருந்துதான். என்னால இத முழுங்க முடியல. குப்பைல போடலாம்னா மனசு வரல. நீ இருட்டோட எந்திரிச்சு வெட்டினதாச்சே."

"அப்ப நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

அவர் குதிரையைப் பார்த்தார். "எதிர்க்கடையில பன்னு. ரெண்டு டீ."

அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, ஓவென்று அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எதற்கும் நேரமில்லை. டாக்டரின் வண்டி கேட்டில் ஹாரன் அடித்தது. திறக்க வேண்டியவர் இங்கே நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் குளம்பைத் தொட்டார், படம் எடுத்தார். "போன தடவைக்கு மேல எலும்பு சாயல. ஆனா அது முக்கியமில்ல. ஊறவச்ச புல்ல மட்டும் தின்னும் திரும்ப வந்திருக்குன்னா, நோய் நம்ம கைய மீறிப் போச்சு. இனிமே இதுக்கு எந்தப் பத்தியமும் கிடையாது." மருந்துப் பெட்டியைத் திறந்தார். "வேற எதாவது தின்னுச்சாம்மா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

அவள் வீட்டுக்காரரைப் பார்த்தாள். வேலை போகும். அறை போகும். தோலை உரிப்பேன் என்று லாயமே கேட்கக் கத்திய மானமும் போகும். இந்தப் பக்கம் பீப்பாய் அவள் தோளில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றது.

"தினம் அஞ்சு கேரட், ரெண்டு ஆப்பிள், ரெண்டு துண்டு ரொட்டி சார். ஒரு வருசமா" என்றாள், மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல. "குடுத்தது என் வீட்டுக்காரர். கட்டினது நான்."

டாக்டர் பெட்டியை மூடினார். "இத முதல்லயே சொல்லக்கூடாதா? அப்ப நீங்க சொன்ன பத்தியம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. இன்னிக்கு ஆரம்பிங்க. ஆறு வாரம் பாப்போம்." முதலாளியிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். முதலாளி அரை மணி நேரம் கத்தினார், வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஆனால் அது அப்புறம்.

அப்போது டாக்டர் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டிருக்க, அவளுக்கு வேறொன்று உறைத்தது. ஒரு வருடமாகப் பெட்டியைத் தின்றது குதிரை. பன்னைத் தின்றது இவர்.

"உக்காருங்க. பூட்ஸக் கழட்டுங்க."

"இங்கயா? டாக்டர் இருக்காரு, ஏம்மா மானத்த வாங்கற..."

"கழட்டுங்கன்னேன்ல!"

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து கழற்றினார். காலையிலிருந்து ராத்திரிவரை பூட்ஸ், வீட்டில் சாக்ஸ், கேட்டால் எனக்கு ஒன்றுமில்லை. ஊரார் காலையெல்லாம் கழுவியவள் இந்த இரண்டைப் பார்க்காமல் விட்டிருந்தாள். சாக்ஸை இழுத்தாள். வலது பெருவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண், சுற்றிலும் சிவப்பு. புறங்கையை வைத்தாள். சூடு.

"இது எப்பலேருந்து?"

"எது?" என்று குனிந்து பார்த்தார். அவருக்கே அப்போதுதான் தெரிந்தது.

அவள் கட்டை விரலால் அவருடைய உள்ளங்காலில் குதிகாலிலிருந்து மேலே ஒரு கோடு இழுத்தாள். இன்னொரு கோடு இழுத்தாள். அவர் சிரிக்கவில்லை. எதற்காக அவள் அப்படிச் செய்கிறாள் என்றுகூடப் புரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சிரிங்களேன்" என்றாள். "சிரிச்சுத் தொலைங்களேன்!"

மறுநாளே பழைய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். இரண்டு மாதம் கட்டுப் போட்டாள், அவள் கையாலேயே. புண் ஆறியது, விரலும் பிழைத்தது, உள்ளங்காலில் உணர்ச்சியும் கூச்சமும் திரும்பவில்லை. பீப்பாயின் நாடா நாலு விரல்கடை உள்ளே வந்தது.

இப்போது காலையில் அவளுக்கு எழுபத்தெட்டுக் கால்கள். லாயத்தை முடித்துவிட்டுத்தான் அறைக்கு வருவாள். வீட்டுக்காரர் சாக்ஸைக் கழற்றிவைத்துக் கட்டில் ஓரத்தில் காத்திருப்பார்.

"குதிரைக்கு அப்புறந்தானா நானு?" என்று ஒருநாள் குறைப்பட்டுக்கொண்டார்.

"அதுங்க பொய் சொல்லாது, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்றாள். "உங்களத்தான் ரெண்டு தடவ தொட்டுப் பாக்க வேண்டியிருக்கு."