நூற்று நாற்பத்து நான்காவது குப்பி

மதலேனம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் துலக்கிய பித்தளைக் குடத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று தோட்டக் குடியிருப்பான லயத்துப் பெண்கள் சொல்வார்கள். அந்தப் பேர்தான் அவளுக்குக் குப்பி கழுவும் வேலையை வாங்கித் தந்தது.

கம்பத்திலிருந்து கல்யாணமாகி மலையேறியவள். கேரளத்து உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத் தோட்டத்தில் பத்து வருஷம் காய் பறித்தாள். புருஷன் சூசையப்பன் காய் உலர்த்தும் ஸ்டோரில் விறகு தள்ளினான். ஒரே மகள் பிலோமிக்கு ஒன்பது வயது.

1976இல் தோட்டத்துக்கு வெளிநாட்டுப் பூச்சிமருந்து வந்தது. இரண்டு லிட்டர் கொள்ளும் வெள்ளை பிளாஸ்டிக் குப்பிகள், நீல மூடி, பக்கத்தில் பிடித்துத் தூக்கக் கைப்பிடி. கீழே போட்டாலும் உடையாது. மருந்துக்கு மட்டும் சுங்கத் தீர்வை கட்டினார்கள். குப்பிகளை ஆறு மாதத்துக்குள் திருப்பி அனுப்புகிறோம் என்று கொச்சித் துறைமுகத்தில் பத்திரம் எழுதிக் கொடுத்ததால் அவற்றுக்குத் தீர்வை இல்லை. வந்தவை நூற்று நாற்பத்து நான்கு. அத்தனையும் சுத்தமாகக் கழுவித் திரும்ப வேண்டும்.

கழுவுகிறவளின் கை என்ன ஆகும், கழுவிய தண்ணீர் எங்கே போகும் என்று அந்தப் பத்திரம் கேட்கவில்லை. நீர்நிலைகளைக் கெடுக்கக் கூடாதென்று தில்லியில் சட்டம் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதைத் தட்டச்சு செய்து ஸ்டோர் கதவில் ஒட்டியும் இருந்தார்கள், இங்கிலீஷிலும் மலையாளத்திலும். அந்தக் கதவிலிருந்து பத்தடியில், ஓடைக்கரையில்தான், அவளுக்குக் கழுவுகல் போட்டுக் கொடுத்தார்கள். குப்பி ஒவ்வொன்றிலும் மண்டையோடு போட்ட காகிதம் ஒட்டியிருந்தது. சுத்தம் என்றால் அதுவும் போக வேண்டும் என்று நினைத்து ஊறவைத்து உரித்தாள். யாரும் தடுக்கவில்லை.

பள்ளிக்கூடம் மூன்று மைல். பிலோமி கொண்டுபோன கண்ணாடிப் பாட்டில் போன மாதம் வழியில் உடைந்து, அவள் காலைக் கிழித்திருந்தது. மதலேனம்மாள் ஒரு குப்பியை முந்தானைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தாள்.

பித்தளையில் ஏறும் களிம்பு விஷம் என்று அவளுக்குத் தெரியும். புளியும் சாம்பலும் போட்டால் போய்விடும் என்பதும் தெரியும். அதையே குப்பிக்கும் செய்தாள். மூன்று தரம் புளி கரைத்து ஊற்றிக் குலுக்கினாள். மோந்து பார்த்தாள். வாடை இல்லை. குடத்துக்கு, உள்ளே குழாய் போல் வெற்றான கைப்பிடி கிடையாது. குப்பிக்கு இருந்தது.

"யம்மா, பால் கணக்கா வெள்ளையா இருக்கு!" என்றாள் பிலோமி.

"பையை விட்டு வெளிய எடுக்காத. கங்காணி கண்ணுல பட்டா நம்மள மலைய விட்டு எறக்கிருவாக."

"தாகம் எடுத்தா?"

"பைக்குள்ள மொகத்த விட்டுக் குடி, கழுத."

கஞ்சித்தண்ணீரை ஊற்றி அனுப்பிவிட்டு வேலைக்குப் போனாள். அன்று காலையில் கங்காணி பெரியமுத்து குப்பிகளை எண்ணினான். இரண்டு தரம் எண்ணினான்.

"நூத்தி நாப்பத்தி மூணு. ஏ மதலேனா, ஒண்ண முழுங்கிட்டியா?"

"நீங்க எண்ணுன லெச்சணம்ணே. வெரலு பத்தலையோ என்னமோ."

பெண்கள் சிரித்தார்கள்.

"சிரிங்க. கொச்சிக்காரன் சிரிக்க மாட்டான். நாளைக்குள்ள குப்பி வரலைன்னா, எடுத்தவளுக்கும் அவ புருசனுக்கும் தொரை சீட்டக் கிழிச்சிருவாரு."

வேலை போனால் லயத்து வீடும் போகும். நாலரைக்குப் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வரட்டும், நாளை விடியற்காலையில் குப்பியைக் கழுவுகல்லுக்குப் பின்னால் போட்டுவிடலாம் என்று முடிவு செய்துகொண்டாள்.

பிலோமி ஒரு மணிக்கே வந்தாள், பள்ளிக்கூடத்து ஆயாவின் தோளில். வாயில் நுரை. உடம்பெல்லாம் வியர்வை. கழுத்தில் பை தொங்கியது.

பெரியமுத்து கெட்டவனில்லை. துரையைக் கேட்காமலே ஜீப்பை எடுக்கச் சொன்னவன் அவன்தான். ஆஸ்பத்திரி வரை பிள்ளையின் தலையைத் தன் மடியில் வைத்திருந்தான். மதலேனம்மாள் பையைத் தன் மடியில் வைத்திருந்தாள்.

டாக்டர் மலையாளி. பிள்ளையின் கண்ணைத் திறந்து பார்த்தார். "மோள் எந்தா குடிச்சது? மருந்து குடிச்சோ?"

"இன்னைக்கு மருந்தே அடிக்கலைய்யா" என்றான் பெரியமுத்து. அவனுக்குத் தெரிந்த உண்மை அது.

டாக்டர் தாயைப் பார்த்தார். அவள் கங்காணியைப் பார்த்தாள்.

"கஞ்சித்தண்ணிதாங்கய்யா. வேற ஒண்ணுமில்ல."

வலிப்பு என்று எண்ணி அதற்கு ஊசி போட்டார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று. பெரியமுத்து பீடி குடிக்க வெளியே போனதும், மதலேனம்மாள் பையிலிருந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

டாக்டர் அதைச் சாய்த்தார். முதலில் கஞ்சித்தண்ணீர் வந்தது. முழுக்கக் கவிழ்த்து உதறியதும் கைப்பிடிக்குள்ளிருந்து பழுப்பு எண்ணெய்ச் சொட்டுகள் விழுந்தன. நர்ஸைக் கூவி அழைத்தார். அந்த விஷத்துக்கு முறிவு மருந்து எதிர் அலமாரியிலேயே இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. போட்டார்கள். மறுபடியும் போட்டார்கள்.

நாலரை மணிக்குப் பிலோமி இறந்தாள்.

"ஒரு மணி நேரம் முன்னே பறஞ்ஞிருந்தால்..." என்று தொடங்கிய டாக்டர், தாயின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கர்த்தர் தம் பிள்ளையை அழைத்துக்கொண்டார் என்று உபதேசியார் ஜெபித்தார். ஓடையோரத்து முனி அடித்துவிட்டது என்றார்கள் லயத்தில் சிலர். கர்த்தரும் அழைக்கவில்லை, முனியும் அடிக்கவில்லை. குப்பிக்கு ஒரு கணக்கு இருந்தது, பிள்ளைக்கு இல்லை. ஒரு தாய் டாக்டரிடம் உண்மை சொல்ல அஞ்சும்படி அந்தக் கணக்கை வைத்தவர்கள், மண்டையோட்டுக்கு என்ன அர்த்தமென்று அவளுடைய மொழியில் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

மூன்றாம் நாள் பெரியமுத்து வாசலில் வந்து நின்றான்.

"மதலேனா... அந்தக் குப்பி... நாளைக்கு லாரி வருது."

சூசையப்பன் அரிவாளைத் தேடி எழுந்தான். அவள் அவனைப் பிடித்து உட்கார வைத்தாள். உள்ளே போய், ஆஸ்பத்திரியிலிருந்து பையோடு கொண்டு வந்திருந்த குப்பியை எடுத்து வந்தாள்.

"கைப்பிடிய மட்டும் அறுத்துட்டுத் தரட்டாண்ணே? வேற பிள்ளைக எதுவும் எடுத்திரப் போகுது."

பெரியமுத்து தரையைப் பார்த்தான். "அறுத்தா எண்ணிக்கையில சேக்க மாட்டாக தாயி."

அவள் குப்பியை அப்படியே கொடுத்தாள்.

நூற்று நாற்பத்து நான்கும் கொச்சி போய்ச் சேர்ந்தன. எண்ணிப் பார்த்து, குறைவு ஏதுமில்லை என்று எழுதி முத்திரை போட்டார்கள்.